தர்ப்பூசணியும் நன்றிக் கடனும்

மாசி மாதம் பிறந்து விட்டால் தாம்பரம் வட்டாரத்தில் ஜி.எஸ்.டி. சாலையின் ஓரங்கள் பச்சை நிறம் பூண்டு விடுகின்றன. வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் தர்ப்பூசணிகளைக் குன்றாகக் குவித்து, குடை நிழலில் ஒருவர் அமர்ந்திருப்பார். பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர், வண்டலூர் என்று எந்தப் பக்கம் சென்றாலும் இதே காட்சிதான். பக்கத்திலேயே தள்ளுவண்டியில் கிர்ணிப் பழச்சாறு கிடைக்கும். முலாம்பழத்தைச் சென்னைவாசிகள் கிர்ணி என்கிறார்கள்; உருது பேசும் நம் சகோதரர்கள் ஒன்றைத் தர்பூஸ் என்றும் மற்றதைக் கர்பூஜா என்றும் அழைக்கிறார்கள். பெயர் எதுவாயினும், வெயிலில் வந்தவனுக்கு அதன் ஒரு துண்டு தரும் ஆறுதலைச் சொல்லி முடியாது.

இதில் மார்க்கம் பேச என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது. நாவுக்கு இனிதாக ஒன்றைச் சுவைக்கும்போது மனிதன் தன் இறைவனை நெருங்குகிறானா, விலகுகிறானா? இன்பம் என்பது இபாதத்துக்கு எதிரியா, அல்லது அதற்கே ஒரு வாயிலா? இது பழைய கேள்வி. பெரிய பெரிய மேதைகள் சிந்தித்த கேள்வி. அதை ஒரு பழத்தை முன்வைத்தே சிந்திப்பது நமக்கு எளிது. ஏனெனில் அரண்மனை விருந்தைப் பற்றிப் பேசினால் அது நமக்கல்ல என்று ஒதுங்கி விடுவோம். தர்ப்பூசணி ஏழைக்கும் எட்டும் பழம். ஆகவே இதிலிருந்து எவரும் தப்ப முடியாது.

இரண்டு பதில்கள்

நம் இல்லங்களில் இந்தக் கேள்விக்கு இரண்டு விதமான பதில்கள் வழங்கி வருகின்றன.

ஒரு சாரார், “உண்பது உயிர் வாழ்வதற்குத்தான், ருசி பார்ப்பது நஃப்ஸின் வேலை” என்பார்கள். இவர்களுக்கு ருசியே ஒரு சந்தேகத்திற்குரிய பொருள். ஒன்று பிடித்திருக்கிறது என்று சொல்லவே கூசுவார்கள்.

மற்றொரு சாரார், “தர்ப்பூசணி சுன்னத்தான பழம், அதை உண்டால் நன்மை உண்டு, இன்னின்ன நோய்கள் தீரும்” என்று அடுக்குவார்கள். இவர்கள் ருசியைத் தடுப்பதில்லை. ஆனால் அதற்கு ஒரு சிறப்பு முத்திரை குத்தாமல் வாயில் வைக்க இவர்களுக்கு மனம் வருவதில்லை.

முதல் சாராருக்குத் திருமறையே பதில் தருகிறது. உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்று ஏழாம் அத்தியாயத்தின் 31 ஆம் வசனம் பணிக்கிறது. அடுத்த வசனமோ, அல்லாஹ் தன் அடியார்களுக்கென வெளிப்படுத்திய அழகையும் தூய உணவுகளையும் தடை செய்தவர் யார் என்று கேட்கிறது. இரவெல்லாம் தொழுவேன், என்றும் நோன்பிருப்பேன், மணமே புரியேன் என்று சபதம் செய்த மூவரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். தாம் நோன்பும் வைப்பதாகவும், அதை விடுவதாகவும், அதுவே தம் வழிமுறை என்றும் அவர்கள் எடுத்துரைத்ததைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. ஆகவே ஹலாலான ஒன்றை வெறுப்பதால் மட்டும் ஒருவன் இறையச்சமுள்ளவனாகி விட மாட்டான்.

இரண்டாம் சாராருக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியுள்ளது.

ஹதீஸில் உள்ளதும் இல்லாததும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இப்பழத்தை உண்டது உண்மை. பழுத்த பேரீச்சையுடன் சேர்த்து அதை உண்டதாகவும், இதன் வெப்பத்தை அதன் குளிர்ச்சியாலும், அதன் குளிர்ச்சியை இதன் வெப்பத்தாலும் தணிப்பதாகக் கூறியதாகவும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அரபியில் ‘பித்தீக்’ என்ற சொல் தர்ப்பூசணிக்கும் முலாம்பழத்துக்கும் பொதுவாக வழங்கும். எனவே அண்ணலார் உண்டது எது என்பதில் விரிவுரையாளர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. பச்சை நிறமுள்ளதே, அதாவது தர்ப்பூசணியே என்பது இமாம் இப்னுல் கையிம் அவர்களின் கருத்து. மஞ்சள் நிறமுள்ள முலாம்பழம் என்போரும் உளர்.

ஹிஜ்ரி 751 இல் மறைந்த அந்த இமாம் வேறொன்றையும் அழுத்திச் சொல்லியிருக்கிறார். இந்தப் பழத்தைப் பற்றிப் பல செய்திகள் வழங்கி வந்தாலும், இந்த ஒன்றைத் தவிர மற்றவை சரியானவை அல்ல என்பதே அவருடைய தீர்ப்பு. அதாவது, இப்பழம் உண்டால் இத்தனை நன்மை, வயிற்றைக் கழுவும், பாவத்தைப் போக்கும் என்றெல்லாம் சொல்லப்படுபவற்றை நபிமொழி என்று எடுத்துச் சொல்ல நமக்கு உரிமையில்லை. அண்ணலார் சொல்லாததைச் சொன்னார்கள் என்பது எவ்வளவு பெரிய பழி என்பதை நாம் அறிவோம். ஒரு பழத்தைப் புகழ்வதற்காக அந்தப் பழியைச் சுமக்க வேண்டுமா?

இங்கே ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கலாம். அண்ணலார் இப்பழத்தை எப்படி உண்டார்கள் என்ற விவரம் தமக்கு எட்டவில்லை என்பதால் ஒரு பெரியார் அதை உண்ணாமலே இருந்து விட்டார் என்று நூல்களில் வருகிறது. அவர் முஹம்மது இப்னு அஸ்லம் என்று சிலரும், இமாம் அஹ்மது என்று சிலரும், பாயஸீது பிஸ்தாமி என்று வேறு சிலரும் சொல்வர். தோலுடன் உண்டார்களா, நீக்கி உண்டார்களா, கத்தியால் அறுத்தார்களா, கையால் உடைத்தார்களா என்று தெரியாமல் அவருடைய கை நீளவில்லையாம்.

நாம் இந்தச் செய்தியைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. அன்பு மிகுந்தவர்களின் நிலை அது. காதலித்தவரின் காலடி விழாத பாதையில் நடக்கத் தயங்கும் மனம் அது. ஆனால் அந்தப் பெரியார் தம் தயக்கத்தைச் சட்டமாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிறரை உண்ணாதே என்று அவர் தடுக்கவில்லை. அன்பு தன்னைத்தான் கட்டுப்படுத்திக் கொள்ளும். சட்டம்தான் பிறரையும் கட்டுப்படுத்தும். இந்த வேறுபாடு புரிந்து விட்டால் நம் இல்லங்களில் பாதிச் சச்சரவுகள் ஓய்ந்து விடும்.

அண்ணலாரின் செயல்களில் வணக்கமாகச் செய்தவையும் உண்டு. மனிதர் என்ற முறையில் அந்த ஊரில் கிடைத்ததை உண்டு, உடுத்தவையும் உண்டு. இரண்டாம் வகையை அன்பினால் பின்பற்றுவோர்க்கு அவர்களுடைய அன்பே சிறப்பு. ஆனால் அவ்வகையில் நாம் முதலில் கற்க வேண்டியது பழத்தை அன்று. உண்ட முறையையே கற்க வேண்டும். வெப்பத்தோடு குளிர்ச்சியைச் சேர்த்ததில் ஒரு நிதானம் இருக்கிறது. ஒன்றின் மிகுதியை மற்றொன்றால் சமன் செய்த அறிவு இருக்கிறது. அதுதான் நம் கையில் எடுத்துக் கொள்ள வேண்டிய பாடம்.

நன்றி என்பது மூன்று பகுதி

அப்படியானால் மூன்றாவது பதில் என்ன? இன்பம் தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. அது ஒரு கடன். அதை வாங்கிக் கொண்டவன் நன்றியால் அடைக்க வேண்டும். அத்தகாஸுர் அத்தியாயத்தின் இறுதி வசனம், அனுபவித்த அருட்கொடைகளைப் பற்றி அந்நாளில் நிச்சயமாக விசாரணை உண்டு என்று எச்சரிக்கிறது. பசியால் வாடி வெளியே வந்த அண்ணலாரும், அபூபக்கரும், உமரும் (ரலி) ஓர் அன்சாரித் தோழரின் வீட்டில் பேரீச்சம் பழமும் இறைச்சியும் உண்டு, குளிர்ந்த நீர் அருந்தினார்கள். பிறகு, இதைப் பற்றியும் மறுமையில் கேட்கப்படுவீர்கள் என்று அண்ணலார் சொன்னார்கள் என முஸ்லிம் நூல் அறிவிக்கிறது. பட்டினி கிடந்தவர்கள் உண்ட ஒரு வேளை உணவுக்கே கேள்வி உண்டென்றால், மூன்று வேளையும் உண்டபின் நாம் சுவைக்கும் பழத்துக்கு இல்லையா?

ஹிஜ்ரி 505 இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் ‘இஹ்யா’வில் நன்றியை மூன்றாகப் பகுத்துக் காட்டுகிறார்: அறிவு, மனநிலை, செயல். வாயால் ‘அல்ஹம்து லில்லாஹ்’ என்பது மூன்றாவதின் ஒரு பகுதிதான். முதல் இரண்டும் இல்லாவிட்டால் அது நாவின் அசைவாக நின்று விடும். இந்த மூன்றையும் நம் தட்டில் இருக்கும் துண்டோடு பொருத்திப் பார்ப்போம்.

அறிவு: இது எங்கிருந்து வந்தது?

மனிதன் தன் உணவை நோக்கிப் பார்க்கட்டும் என்று 80 ஆம் அத்தியாயம் கூறுகிறது. பார்ப்போம். தாம்பரத்துச் சாலையோரத்துக்கு வரும் தர்ப்பூசணியில் பெரும்பகுதி தெற்கேயிருந்து வருவது. மரக்காணம், திண்டிவனம், செய்யூர், மதுராந்தகம் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் மழைக்காலம் ஓய்ந்த பிறகு விதைக்கிறார்கள். எழுபது முதல் தொண்ணூறு நாட்களில் காய் முற்றிப் பழமாகிறது. கொடி தானாக எழுந்து நிற்க வலுவற்றது. தரையோடு படர்ந்தே கிடக்கும். மீனின் வயிற்றிலிருந்து மீண்டு, மேனி நலிந்து கிடந்த யூனுஸ் நபி (அலை) அவர்களுக்கு அல்லாஹ் முளைக்கச் செய்த ‘யக்தீன்’ கொடியைச் சுரை என்று பெரும்பாலோர் கூறினாலும், தண்டின்றித் தரையில் படரும் கொடி இனம் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் பொருந்தும் என்று கூறிய விரிவுரையாளர்களும் உண்டு. நிமிர்ந்து நிற்கவே திராணியற்ற ஒரு கொடி, தன்னைவிடப் பன்மடங்கு எடையுள்ள கனியைச் சுமந்து தருகிறது.

அந்தக் கனியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். சர்க்கரை நூறு கிராமுக்கு ஏறக்குறைய ஆறு கிராமே. தண்ணீரின் அருமையைத் தென்சென்னைப் புறநகரில் வாழ்பவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 2019 ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றிக் கிடந்ததும், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததும், லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு காத்து நின்றதும் மறக்கக் கூடியவை அல்ல. ஒரே தண்ணீர் பாய்ச்சப்பட்டும் ஒன்றைவிட ஒன்று சுவையில் சிறந்து விளங்கும் விளைச்சலைச் சிந்திப்போருக்கு அத்தாட்சி என்கிறது 13 ஆம் அத்தியாயத்தின் 4 ஆம் வசனம். குழாயில் வந்தால் உப்புக் கரிக்கும் தண்ணீர், கொடியின் வழியே வந்தால் தித்திக்கிறது. இதை எண்ணிப் பார்ப்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரு கணம் நிற்க வேண்டும், அவ்வளவே.

மனநிலை: ருசிப்பதற்கு அஞ்ச வேண்டாம்

நன்றியின் இரண்டாம் பகுதி மகிழ்ச்சி. இங்கேதான் பலருக்குத் தயக்கம். மகிழ்வது பாவமோ என்று எண்ணி, கவனமில்லாமல் விழுங்கி விடுவதைப் பேணுதல் என்று கருதுகிறார்கள். ஆனால் சிந்தித்துப் பாருங்கள். சுவையை உணராதவன் சுவைக்காக எப்படி நன்றி கூறுவான்? பரிசைப் பிரித்துக் கூடப் பார்க்காமல் மூலையில் எறிந்துவிட்டு, “மிக்க நன்றி” என்று சொல்பவனைப் பரிசளித்தவர் என்னவென்று நினைப்பார்? ஒரு கவளம் உண்டு அதற்காகத் தன்னைப் புகழும் அடியானைக் கண்டு அல்லாஹ் திருப்தி கொள்கிறான் என்று அனஸ் (ரலி) அறிவித்த செய்தி முஸ்லிமில் உண்டு. பட்டினி கிடந்தவனைக் கண்டு என்று அங்கே சொல்லப்படவில்லை. உண்டு புகழ்ந்தவனைக் கண்டு என்றே சொல்லப்படுகிறது.

இக்காலத்தில் ருசிக்குப் பெரிய எதிரி துறவு அன்று, கவனச் சிதறல்தான். ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் முள்கரண்டி என்று தட்டு காலியானதே தெரியாமல் உண்டு முடிக்கிறோம். தின்றது என்ன என்று கேட்டால் நினைவில்லை. நினைவில்லாததற்கு நன்றி எங்கிருந்து வரும்? அதிகம் உண்பதும் பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. ஒரு துண்டைக் கவனித்து உண்பவனுக்கு மூன்று துண்டுகளில் நிறைவு வருகிறது. கவனிக்காதவனுக்கு முழுப் பழமும் போதவில்லை.

மகிழ்ச்சியிலும் ஒரு பிழை நேரலாம். மன்னர் பாபர் இந்தியாவுக்கு வந்தபின், இங்கே நல்ல முலாம்பழம் இல்லை என்று தம் நினைவுக் குறிப்பில் குறைபட்டுக் கொண்டார். தமக்குக் கொண்டு வரப்பட்ட ஒரு பழத்தை அறுத்தபோது ஊர் நினைவில் கண்ணீர் விட்டதாகவும் எழுதினார். அதற்கும் முன்பே உலகப் பயணி இப்னு பதூதா, குவாரிஸ்ம் நாட்டு முலாம்பழத்துக்கு நிகரில்லை என்று வியந்து, அதைக் கீற்றுகளாக வெட்டி உலர்த்திக் கூடைகளில் அடைத்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்பினார்கள் என்று குறித்து வைத்தார். ஊரை நினைத்து அழுவது மனித இயல்புதான். ஆயினும் தொலைவில் உள்ள அருளுக்கு ஏங்கி, கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதை இகழ்வது நன்றிக்கு ஊறு செய்யும். வெளிநாட்டுப் பழம் கண்ணாடிப் பெட்டியில் பளபளத்தால்தான் விருந்தாளிக்கு வைப்போம், சாலையோரத் தர்ப்பூசணி வைத்தால் கௌரவக் குறைவு என்று கருதும் இல்லங்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

செயல்: பங்கு யார் யாருக்கு?

மூன்றாவது பகுதி செயல். இதுவே கடினமானது.

பருவத்தின் முதற்கனி கொண்டு வரப்பட்டால் அண்ணலார் பரக்கத்துக்காகத் துஆச் செய்து, அங்கிருப்போரில் மிகச் சிறிய குழந்தையை அழைத்து அதைக் கொடுப்பார்கள் என்று முஸ்லிம் நூலில் காண்கிறோம். அறுத்த பழத்தின் நடுப்பகுதி, அந்த விதையில்லாத இனிப்பான பகுதி, நம் வீட்டில் முதலில் யாருக்குப் போகிறது என்று பார்த்தாலே நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்து விடும்.

அண்மை ஆண்டுகளில் ரமளான் தர்ப்பூசணிப் பருவத்தை ஒட்டியே வந்தது. 2022 இல் ஏப்ரலிலும், 2024 இலும் 2025 இலும் மார்ச்சிலும் நோன்பு நோற்றோம். அஸர் தொழுகை முடிந்ததிலிருந்து வீட்டுப் பெண்கள் கஞ்சியைக் கிண்டி, வடையைப் பொரித்து, பழத்தைத் தோல் சீவி, விதை நீக்கித் துண்டு போட்டு அடுக்குகிறார்கள். அவர்களும் நோன்பாளிகளே. பாங்கு சொன்னதும் ஆண்களும் பிள்ளைகளும் தட்டுகளை வழித்து விடுகிறார்கள். அறுத்த கைக்கு மிஞ்சுவது தோலோடு ஒட்டிய வெள்ளைப் பகுதி. “எனக்குப் பிடிக்காதுங்க” என்று அந்த அம்மாவும் சொல்லி விடுகிறார். இருபது ஆண்டுகளாக அதையே சொல்லி வருகிறார். அது உண்மையா என்று யாராவது ஒரு நாள் கேட்டதுண்டா? இது சட்டப் புத்தகத்தில் ஹராம் என்று எழுதப்படாத அநியாயம். ஆனால் அநியாயமே. நன்றியின் செயல் முதலில் இங்கிருந்து தொடங்க வேண்டும்: அறுத்தவருக்கு ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்த பிறகே மற்றவர்கள் கை வைப்பது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

அடுத்தது அண்டை வீட்டார். குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்று கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. பழம் வாங்கினால் அண்டை வீட்டுக்கும் கொடு, இயலாவிட்டால் மறைத்துக் கொண்டு வா, உன் பிள்ளை அதை வெளியே எடுத்துச் சென்று அந்தப் பிள்ளையை ஏங்க வைக்காதிருக்கட்டும் என்ற கருத்தில் ஒரு செய்தியை இமாம் கஸ்ஸாலி எடுத்தாள்கிறார். அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது. ஆகவே அதை நபிமொழி என்று உறுதியாகச் சொல்ல மாட்டோம். ஆனால் அது சொல்லும் பண்பு பலவீனமானதன்று. இப்போது தாம்பரத்திலும் மேடவாக்கத்திலும் ஒரே மாடியில் நான்கு குடும்பங்கள். முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் எல்லோரும் கதவுக்குக் கதவு இருக்கிறார்கள். ஆடு அறுத்தபோது யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒரு பெரிய தர்ப்பூசணியை ஒரு சிறு குடும்பம் ஒரே நாளில் உண்ண முடியாது. பாதியை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மறந்து, மூன்றாம் நாள் குப்பையில் கொட்டுவதைவிட, அறுத்த உடனே எதிர் வீட்டுக் கதவைத் தட்டுவது நல்லதல்லவா?

மூன்றாவது, விற்பவர். வெயிலில் நாள் முழுதும் அமர்ந்திருப்பவரிடம் ஐந்து ரூபாய்க்காக வாதாடிவிட்டு, குளிரூட்டிய கடையில் ஒட்டிய விலையைப் பேசாமல் கொடுத்து வருகிறோம். பேரம் பேசுவது குற்றமன்று. எளியவரிடம் மட்டும் பேசுவதுதான் உறுத்த வேண்டும். விற்பவருக்கும் கடமை உண்டு. நனைந்த தானியத்தை மேலே உலர்ந்ததால் மறைத்தவனை அண்ணலார் கண்டித்தது அழுகலை அடியில் வைத்து அடுக்குபவருக்கும் பொருந்தும்.

உமர் (ரலி) விட்டதும், நாம் விட்டதும்

“ஊரில் எத்தனையோ பேர் பசித்திருக்க நாம் மட்டும் ருசிப்பது தகுமா?” என்று ஒரு நியாயமான மறுப்பு எழலாம். இதற்கு உமர் (ரலி) அவர்களின் வாழ்வில் விடை இருக்கிறது. ஹிஜ்ரி 18 இல் அரபு நாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியபோது, மக்களுக்குக் கிடைக்கும் வரை தாம் நெய்யும் இறைச்சியும் தொடுவதில்லை என்று அவர்கள் இருந்தார்கள். நெய் தீயது என்று அவர்கள் விடவில்லை. மக்களின் துயரில் தம் வயிறும் பங்கு கொள்ளட்டும் என்றே விட்டார்கள். மக்களுக்குக் கிடைத்ததும் அந்த விரதத்துக்குத் தேவையில்லாமல் போயிற்று. ஆக, ஓர் இன்பத்தை விடுவதும் நன்றியாகலாம். அது யாருக்காக விடப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம் கண்முன் நடந்தது. 2025 ஆம் ஆண்டு மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும், தர்ப்பூசணியில் செயற்கை நிறம் ஊசியால் ஏற்றப்படுகிறது என்ற செய்தி தமிழ்நாடெங்கும் பரவியது. கைப்பேசிகளில் காணொளிகள் பறந்தன. மக்கள் பழத்தைக் கண்டாலே ஒதுங்கினார்கள். அறுவடைக் காலத்தில் விலை விழுந்தது. விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் வாங்குவோர் இன்றிப் பழங்கள் வயலிலேயே கிடந்தன. விவசாயிகள் போராடினார்கள். பிறகு, அது பொதுவான எச்சரிக்கையே என்றும், தர்ப்பூசணியைத் தாராளமாக உண்ணலாம் என்றும் அதிகாரிகள் தரப்பிலிருந்தே விளக்கம் வந்தது. ஆனால் கொடியில் அழுகிய பழத்தை அந்த விளக்கம் மீட்டுத் தரவில்லை.

பழத்தின் சிவப்பு லைக்கோபீன் என்ற இயற்கை நிறமி. தக்காளியில் இருப்பதும் அதுவே. துளையிட்ட பழம் விரைவில் அழுகி விடும் என்பது எந்த இல்லத்தரசிக்கும் தெரிந்த உண்மை. ஒரு கணம் நின்று யோசித்திருந்தால் போதும். ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதீர்கள் என்ற கருத்தை 49 ஆம் அத்தியாயத்தின் 6 ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யன் என்பதற்குப் போதும் என்ற நபிமொழியும் உண்டு. ஆனால் எத்தனை முஸ்லிம் குடும்பங்களின் கைப்பேசிக் குழுக்களில், ஸலாம் கூறித் தொடங்கி, அந்தக் காணொளி அனுப்பி வைக்கப்பட்டது!

இதில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. உண்பதற்குத்தான் கணக்கு உண்டு, உண்ணாமல் இருப்பதற்குக் கணக்கில்லை என்று எண்ணுகிறோம். அப்படியன்று. உமர் (ரலி) விட்ட நெய் ஏழையின் பக்கம் நின்றது. வதந்தியைக் கேட்டு நாம் விட்ட பழம் ஏழை விவசாயியின் மார்பில் விழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் விலக்கல்தான். உள்ளே ஒன்று இரக்கம், மற்றொன்று அலட்சியம். கனிந்து முற்று முன் பழத்தை விற்பதைத் தடுத்து, அல்லாஹ் விளைச்சலைத் தடுத்து விட்டால் எதைக் கொண்டு உன் சகோதரனின் பொருளை எடுத்துக் கொள்வாய் என்று கேட்ட மார்க்கம் இது. வயலின் நட்டத்தை விவசாயி, வியாபாரி, வாங்குபவர் மூவரும் தமக்குள் நியாயமாகப் பார்க்க வேண்டும் என்பதே அந்தக் கேள்வியின் உட்பொருள். நம்மால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாவிட்டாலும், உறுதியில்லாத செய்தியை அனுப்பாமல் விரலை அடக்கிக் கொள்ள இயலும்.

உடலுக்கும் உரிமை உண்டு

உன் உடலுக்கு உன்மீது உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களிடம் சொன்னதை அண்ணலார் சரிகண்டார்கள். ஆகவே சில நடைமுறைகளையும் சொல்லியாக வேண்டும்.

பழத்தை அறுக்கு முன் தோலை நன்றாகக் கழுவுங்கள். கத்தி தோலில் உள்ள அழுக்கையும் கிருமியையும் உள்ளே கொண்டு சென்று விடும். அறுத்ததை வெயிலில் நெடுநேரம் வைக்காமல் அன்றன்றே உண்ணுங்கள். ஈ மொய்க்கும் துண்டை வாங்காதீர்கள். பழத்தின் அடியில் தரையில் படிந்த இடம் வெண்ணெய் போல் மஞ்சளித்து, கைக்குக் கனமாக இருந்தால் நன்கு விளைந்தது என்று கொள்ளலாம். முலாம்பழமானால் காம்பு வெட்டிய இடத்தில் மணம் வீசும். தோலுக்கும் சிவப்புக்கும் இடையிலுள்ள வெண்பகுதியைச் சுரைக்காய் போலக் கூட்டு வைக்கலாம். மிஞ்சிய தோல் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உதவும். உயிருள்ள எந்தப் பிராணிக்கு உதவினாலும் கூலி உண்டு.

நீரிழிவு உள்ளவர்கள் இரண்டு மூன்று துண்டோடு நிறுத்திக் கொள்வதும், சாறாக்கிச் சர்க்கரை சேர்ப்பதைத் தவிர்ப்பதும் நல்லது. சிறுநீரக நோயாளிகளுக்கு முலாம்பழத்தில் உள்ள பொட்டாசியம் ஆகாமற் போகலாம். மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற அளவு இஃப்தாருக்கும் பொருந்தும்.

பழத்தை மருந்தாக்கவும் வேண்டாம். நம் தாம்பரம் சானடோரியம் 1928 இல் காசநோய்க்காக எழுந்தது. நல்ல மருந்து கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில் ஓய்வும், தூய காற்றும், சத்துணவுமே சிகிச்சை. பின்னர் மருந்துகள் வந்தன. 1956 இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு, சரியான மருந்தை ஒழுங்காக உட்கொண்டவர்கள், எளிய உணவுடன் தம் வீட்டிலேயே இருந்தாலும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமடைந்தார்கள் என்று காட்டியது. உலகமே அதை ஏற்றுக் கொண்டது. உணவு உணவுதான், மருந்து மருந்துதான் என்பதற்கு நம் ஊரிலேயே கிடைத்த பாடம் இது. தாகம் தீர்த்து, உடலைக் குளிர்வித்து, மனத்தை மகிழ்விப்பதே ஒரு பழத்துக்குப் போதுமான சிறப்பு. அதற்குமேல் பொய்ச் சிறப்பு எதுவும் அதற்குத் தேவையில்லை.

எனவே ருசிப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். ருசித்ததற்குக் கணக்கு உண்டு என்பதை மறக்கவும் வேண்டாம். பிஸ்மில்லாஹ் கூறி அறுப்போம். யாருடைய உழைப்பு, யாருடைய தண்ணீர் என்று ஒரு கணம் எண்ணுவோம். சிறு பிள்ளைக்கும், அறுத்த கைக்கும், அடுத்த வீட்டுக்கும் பங்கிட்டு நம் பங்கை மகிழ்ந்து உண்போம். அதன்பின் நாம் சொல்லும் ‘அல்ஹம்து லில்லாஹ்’ நாவோடு நில்லாது.

தான் வழங்கிய தூய உணவுகளை உண்டு, தனக்கு நன்றி செலுத்தும் அடியார்களின் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம்மையும் நம் குடும்பத்தாரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.